இரண்டாவது வெசெலி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது லியோனின் மனைவி ஆர்லீன். தன் வீட்டுச் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். முடித்துவிட்டு, "எழுதுறதுன்னா என் தம்பிய நல்லவனா எழுது. புருஷனப் பத்தி எப்படி வேணா எழுதிக்க" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மோனங்கஹேலா ஆற்றின் மேல் பனிமூட்டம் மெல்ல விலகிக்கொண்டிருந்த ஓர் இளங்காலைப் பொழுதில், லியோன் டூபிக் தன்

அதோடு நிறுத்திவிட்டேன். அந்த ஆற்றங்கரை உருக்காலையில் நான் கரி அள்ளியவன். ஆற்றின் மேல் கிடந்தது பனி அல்ல, புகை. மேலும் ஏலம் நடந்தது மதியம்.

அடுத்த தொடக்கம்: "லியோன் டூபிக் ஒரு பொறாமைக்காரன்."

இது உண்மை. ஆனால் கதை இந்த ஒரு வரியிலேயே முடிந்துபோகிறது. உங்களுக்கும் அவனைப் பிடிக்காமல் போய்விடும். அது எனக்குக் கட்டுப்படியாகாது. அவனும் நானும் ஆலையில் ஒரே அடுப்பின் மூடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியவர்கள்.

ஆகவே அட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

2

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்கள் ஊருக்கென்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. பெரிய அணி இல்லை. பாதிப் பேர் பகலில் ஆலையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடினார்கள். உள்ளூர் சாசேஜ் கம்பெனி ஒன்று, அந்த ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை ஒரே ஒரு வருஷம் பொட்டலத்துக்குள் வைத்து விற்றது. மொத்தம் முப்பது அட்டைகள். பன்றிக் கொழுப்பு அட்டையில் இறங்கிக் கறை பிடித்துவிடும்.*

அந்த முப்பதில் கிடைக்காதது வெசெலி. பந்து எறிகிறவன். மூன்றே வாரம் ஆடிவிட்டு, மேலாளர் மூக்கில் ஒரு குத்து விட்டு ஊரைவிட்டுப் போனான். கம்பெனி அவன் அட்டையை நிறுத்திவிட்டது. அதனால் எங்கள் ஊரில் அட்டை சேர்ப்பவர்கள் எல்லோரிடமும் இருபத்தொன்பதுதான் இருந்தது.

லியோனிடம் முப்பதும் இருந்தது.

மார்ட்டி கோவாச்சிடம் இருபத்தொன்பது.

[இந்த வரியைப் பிற்பாடு அடிக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு இருக்கட்டும். லியோன் அப்படித்தான் நம்பினான்.]

* வெளியூர் வியாபாரிகள் கறையைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள். எங்களுக்கு அது பிறவி மச்சம் மாதிரி. லியோனின் வெசெலிக்குக் கறை சரியாக நெற்றியில் விழுந்திருந்தது.

3

மார்ட்டியை எழுதுவதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய தொல்லை.

லியோனும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மேஸ்திரி ஆனது மார்ட்டி. அடுப்பு வெடித்துத் தணல் பறந்த அன்று லியோனின் முன்கைத் தோல் போனது. ஓரடி தள்ளி நின்ற மார்ட்டியின் சட்டையில் ஒரு பொத்தல்கூட இல்லை. லியோன் வாங்கிய வீட்டின் அடித்தளத்தில் தண்ணீர் ஊறியது. மார்ட்டி வாங்கிய வீட்டின் பின்புறம் ஆப்பிள் காய்த்தது. அறுபது தாண்டியும் மார்ட்டிக்குத் தலை நிறைய முடி. இதை லியோன் எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயமாக நினைத்தான்.

இப்படி ஒருவனைக் கதையில் வைத்தால் நம்புவீர்களா? அதனால் அவனுக்கு ஒரு குறை வைக்கப் பார்த்தேன்.

மார்ட்டி கஞ்சன். மதுக்கடையில் பில் வரும்போது

இல்லை. முதலில் கை நீட்டுவது அவன்தான்.

மார்ட்டிக்கும் பக்கத்துத் தெரு தையல்காரிக்கும்

அதுவும் இல்லை. நான் விசாரித்துவிட்டேன். நாளெல்லாம் மார்ட்டியைக் கிண்டிக் கிளறியும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எனக்கே வயிறு எரிய ஆரம்பித்தது. எழுதுகிற எனக்கே இப்படி என்றால், நாற்பது வருஷம் பக்கத்தில் நின்றவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்படிப்பட்ட மார்ட்டியிடம் இல்லாத ஒன்று லியோனிடம் இருந்தது. உலகத்தில் அந்த ஒன்றுதான். கொழுப்புக்கறை படிந்த, உள்ளங்கையில் அடங்கிவிடும் வெசெலி.

4

பிறகு ஏல அறிவிப்பு வந்தது. தீயணைப்புக் கூடத்தில் சனிக்கிழமை மதியம். நாற்பத்தொன்றாவது உருப்படி: வெசெலி. கறை இல்லாதது. விற்பவர் பெயர் போட மாட்டார்கள், அது வழக்கம்.

இரண்டாவதாக ஒரு வெசெலி!

அது வேறு எவன் கைக்குப் போனாலும் லியோனுக்குக் கவலை இல்லை. மார்ட்டி கைக்குப் போகக் கூடாது. போனால் மார்ட்டியிடமும் முப்பது. அதிலும் கறை இல்லாத முப்பது.

ஆக, லியோன் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அட்டையை ஏலத்தில் எடுத்தாக வேண்டும். இதில் ஒரு சிக்கல். தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அட்டைக்கு, அது இல்லாத கூட்டாளி ஏலம் கேட்கும்போது குறுக்கே கை தூக்கக் கூடாது. எங்கள் அட்டைக்காரர்களிடம் இதை எவரும் எழுதி வைக்கவில்லை. மீறியவனோடு அப்புறம் யாரும் அட்டை மாற்றிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் லியோன் தன் மச்சினனை, ஆர்லீனின் தம்பி செட் என்பவனைப் பிடித்தான். வீட்டிலிருந்து தொலைபேசியில் செட் ஏலம் கேட்பது; லியோன் கூடத்தில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது.

"எதுவரைக்கும் கேக்கலாம் மாமா?"

"எதுவரைக்கும்னு என்னடா கேள்வி? வீட்டுக் கூரையே போனாலும் விடாத."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"உனக்கு எதுக்கு அது? அன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காம இரு, போதும்."

5

கூடம் நிரம்பியிருந்தது. மாதா கோயில் பெண்கள் உள்ளே சமையல் பகுதியில் பியரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். வெண்ணெயில் வெங்காயம் வதங்குகிற வாசனை கூடம்வரை வந்தது. மேடையோரம் மேசைமேல், நேரில் வராதவர்கள் ஏலம் கேட்க இரண்டு தொலைபேசிகள், ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். அவற்றுக்கு டெனீஸ் என்கிற பெண் பொறுப்பு.

லியோன் உள்ளே நுழைந்ததும் மார்ட்டியைத் தேடினான். காணவில்லை. எந்த ஏலத்தையும் தவறவிடாத மார்ட்டியைக் காணவில்லை.

"அடுத்தது நாப்பத்தொண்ணு" என்றார் ஏலக்காரர் ஸ்கிப். "வெசெலி. நல்லாப் பாத்துக்குங்கப்பா. கறை இல்ல, மடிப்பு இல்ல. என் கல்யாணச் சட்டைய விடச் சுத்தமா இருக்கு."

"உனக்கு ஆனது மூணு கல்யாணம். எந்தச் சட்டையச் சொல்ற?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

பிட்ஸ்பர்க் வியாபாரி ஒருவர் தொடங்கினார். மஞ்சள் தொலைபேசி விலையை ஏற்றியது. அவர் ஏற்றினார். மஞ்சள் ஏற்றியது. கறுப்பு ஆடாமல் அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வியாபாரி உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

தொலைபேசியில் கேட்பது மஞ்சளில் இருக்கும் ஒருவன் மட்டும்தான். அது செட்டாக இருக்க வழியில்லை என்று லியோன் கணக்குப் போட்டான். சனிக்கிழமை மதியத்தில் செட் நிதானமாக இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அவன் இந்நேரம் சோபாவில் வாயைப் பிளந்து கிடப்பான். அப்படியானால் மஞ்சளில் இருப்பது யார்? ஏலத்துக்கு வராதவன் யாரோ அவன். ஆப்பிள் மரத்தடியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ஊர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, சத்தமில்லாமல் முப்பதாவதை முடிக்கிறான்.

"முதல் தரம்..." என்றார் ஸ்கிப்.

லியோன் கை தூக்கினான். கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"லியோன்! ஏலம் கேக்குறியா, இல்ல கழுத்து அரிக்குதா?"

"கேக்குறேன்."

"உன்கிட்டதான் ஒண்ணு இருக்கேய்யா?"*

"உன் வேல ஏலம் விடுறது. விடு."

மஞ்சள் ஏற்றியது. லியோன் ஏற்றினான். மஞ்சள் ஏற்றியது. ஒவ்வொரு முறையும் டெனீஸ் காதில் கருவியை வைத்துக்கொண்டு சின்னதாகத் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலில் லியோன் மார்ட்டியின் சிரிப்பைப் பார்த்தான். ஒரு பழைய பிக்கப் வண்டியின் விலையைத் தாண்டியாயிற்று. லியோன் கையைக் கீழே இறக்கவே இல்லை.

* ஏலக்காரர் இப்படிக் கேட்கக் கூடாது. ஆனால் எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்பார்கள்.

6

இந்த இடத்தில் உங்களை ஆர்லீனின் சமையலறைக்குக் கூட்டிப் போகிறேன். லியோனைக் கூடத்தில் கை தூக்கியபடியே நிறுத்திவிட்டு வருவது சரியல்ல என்று தெரியும். ஆனால் அவனுக்குத் தெரியாததை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் அவன்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வரும்.

செட் அன்றைக்குக் குடிக்கவில்லை. காலையிலிருந்து காபி மட்டும். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். [ஆர்லீன், நல்லவனாக எழுதிவிட்டேன்.]

"யாரோ ஒரு பைத்தியக்காரன்க்கா, விடவே மாட்டேங்குறான்."

"யாருடா?"

"மார்ட்டியாத்தான் இருக்கும். இன்னும் ஏத்துங்க டெனீஸ்ம்மா, ஏத்துங்க! மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு, கூரையே போனாலும் விடாதேன்னு."

ஆர்லீன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"கூரைன்னா சொன்னான்? கூரைய மாத்த எடுத்து வச்ச பணம்தாண்டா அது! கூரை! கூரைடா!"

சுவரிலிருந்த தொலைபேசி இணைப்பைப் பிடுங்கிவிட்டாள்.

7

"மூணாவது தரம்! லியோன் டூபிக்குக்கு!"

சுத்தியல் விழுந்தது. கை தட்ட ஒருவரும் இல்லை. லியோன் அதைப் பொருட்படுத்தவில்லை; மார்ட்டி தோற்றுவிட்டான். வியர்த்துப்போய் நின்றவனின் உடம்பில் ஒரு பெரிய சுகம் பரவியது. இந்தச் சுகத்தை நான் நாலு வரி எழுதலாம். ஆனால் அது அவ்வளவு நேரம் நீடிக்கவில்லை.

சமையல் பகுதிக் கதவு திறந்தது. மேலங்கி முழுக்க மாவு, கையில் ஒரு தட்டு பியரோகி, தலை நிறைய முடி. மார்ட்டி.

"என்னப்பா சத்தம்? கோயில் பொம்பளைங்க எல்லாரும் கதவுல ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு வேல நடக்கல உள்ள."

லியோன் மஞ்சள் தொலைபேசியைப் பார்த்தான். டெனீஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லைன் கட் ஆயிடுச்சு. கடைசில யாரோ ஒரு பொம்பள 'கூரை, கூரை'ன்னு கத்துன மாதிரி கேட்டுச்சு" என்றாள்.

தான் தன்னோடேயே மோதியிருக்கிறோம் என்பது லியோனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கதை இங்கே நின்றிருந்தால் நல்ல நகைச்சுவைக் கதை. நிற்கவில்லை.

"நாப்பத்தொண்ண யாரு எடுத்தா?" என்றான் மார்ட்டி.

எல்லோரும் லியோனைப் பார்த்தார்கள்.

"நீயாடா? அடப்பாவி! அது என்னோடதுடா. நாங்கதான் பொண்ணு வீட்டுப் பக்கம், கடலோரமாக் குடிபோறோமே, எல்லாத்தையும் வித்துட்டேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனேடா!"

8

வாசலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில், இருவரும்.

"உன்கிட்ட வெசெலி இல்லன்னுதானடா ஊரே பேசிச்சு."

"ஊரு பேசிச்சு. நான் இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல." மார்ட்டி கை மாவை மேலங்கியில் துடைத்துக்கொண்டான். "உனக்கு அதுல ஒரு சந்தோஷம் இருந்துச்சு. அதப் போய் ஏன் கெடுக்கணும்? போகட்டும் விடு. ஸ்கிப்கிட்டச் சொல்லி ரத்து பண்ணிடலாம். பணத்த நான் தொடமாட்டேன்."

இப்போது முடிவு. மூன்று எழுதினேன்.

அ) இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். படித்துப் பார்த்தேன். கரி அள்ளாதவன் எழுதிய மாதிரி இருந்தது.

ஆ) லியோன் அட்டையைக் கிழித்து மார்ட்டி முகத்தில் எறிகிறான். வாசகர் கை தட்டுவார். ஆனால் லியோன் அட்டையின் ஓரத்தில்கூட நகம் பட விடாதவன். கிழிக்க மாட்டான்.

இ) லியோன் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறான், கூரை மாற்றப்படுகிறது. அப்புறம் மழை பெய்யும்போதெல்லாம் அவன் மார்ட்டியின் தயவில் நனையாமல் படுத்திருக்க வேண்டும். இதை நான் அவனுக்குச் செய்ய மாட்டேன்.

உண்மையில் நடந்தது இது. ரத்து வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, லியோன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எப்பலேருந்து வச்சிருக்க?"

சாதாரணக் கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆலை மூடிய வருஷம்தான் லியோன் தன் வெசெலியை ஒரு விதவையின் செருப்புப் பெட்டியிலிருந்து கண்டெடுத்தான். வேலை போன எங்கள் எல்லோருக்கும் அதைக் கொண்டுவந்து காட்டினான். முதலில் எழுந்து கை தட்டியது மார்ட்டி. வாங்கி விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடைசில நம்ம ஊர்ல ஒருத்தன் முடிச்சுட்டாண்டா" என்றான். அன்றைக்கு மார்ட்டியின் வீட்டு அலமாரியில் கறையில்லாத வெசெலி ஏற்கெனவே இருந்ததா? இருந்தது என்றால், லியோன் ஒரு நாள்கூட, ஒரு மணி நேரம்கூட முந்தியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தது என்றால், சில வருஷங்களாவது அவனுக்குச் சொந்தம்.

மார்ட்டி என்ன பதில் சொன்னான் என்று ஆர்லீனுக்குத் தெரியாது. அதை மட்டும் லியோன் சொல்லவில்லை. இதற்காக நான் கடலோரம்வரை கடிதம் போடவும் இல்லை. போட்டாலும் பயனில்லை. "அதுக்கு அப்புறந்தாண்டா" என்று மார்ட்டி சொல்லியிருந்தாலும், நண்பன் மனம் நோகாமலிருக்க அவன் கூசாமல் பொய் சொல்வான் என்பது லியோனுக்குத் தெரியும். இவ்வளவு தேடி நான் மார்ட்டியிடம் கண்டுபிடித்த ஒரே குறை அதுதான்.

அதனால் மார்ட்டியின் பதிலை, இந்தக் கடைசி வரியை, நீங்களே சொல்லிவிடுங்கள். முன்பா, பின்பா. எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரே ஒரு நிபந்தனை: லியோன் உங்களுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கிறான்.

சொல்லுங்கள்.