காலிக் கட்டிலுக்குப் பயந்தவள்

கட்டில்களைத் துடைக்கும்போதே அழகிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெண்கள் வார்டில் ஒரு நோயாளிகூட இல்லை. ஊருக்கு அது நல்ல சேதிதான். அந்த வார்டில் ஆயா வேலை பார்க்கும் அழகிக்கோ அதைவிடக் கெட்ட சேதி வேறில்லை.

பர்மாவில் குண்டு விழுந்ததிலிருந்து முதலாளிக்கு அங்கிருந்து வந்த பணம் நின்றுவிட்டது. அந்தப் பணத்தில்தான் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இந்தத் தர்ம ஆஸ்பத்திரி நடந்தது. முதலில் காவல்காரரை நிறுத்தினார்கள், பிறகு சமையல்காரியை. இன்று முதலாளியின் காரியஸ்தர் முத்துராமன் பார்வையிட வருகிறார். காலியாகக் கிடந்தால் வார்டையே மூடிவிடுவார் என்று பேச்சு. புருஷன் இல்லாத அழகிக்கு இந்த வேலையும் போனால், இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்ற வழியில்லை.

பயம் வந்தால் புத்தி எங்கெங்கோ போகும். நாத்தனார் இருளாயியையும் தன் தெருவிலுள்ள பெண்கள் சிலரையும் கூட்டிவந்து, கட்டிலுக்கு ஒருத்தியாகப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள்.

"அவரு வாரப்ப முனகுங்க. சிரிச்சுத் தொலைச்சிராதீங்கடி."

"எனக்கு என்ன நோவுன்னு சொல்லு மதினி, அதுக்குத் தக்கன முனகுறேன்" என்றாள் இருளாயி.

காரியஸ்தர் வந்தார். எல்லோரும் முனகினார்கள். இருளாயி கொஞ்சம் அதிகமாகவே முனகினாள்.

"பரவாயில்லையே, வார்டு நெறஞ்சிருக்கு" என்றார் முத்துராமன். அழகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த மூச்சை விடுவதற்குள் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி கண்ணாத்தாளைத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் பிச்சை ஓடிவந்தான். சேலையெல்லாம் ரத்தம்.

"இங்க எடமில்லப்பா. புதுக்கோட்டைக்குக் கொண்டு போ" என்றார் முத்துராமன். மெய்யாகவே வருந்தித்தான் சொன்னார்.

"அம்புட்டுத் தூரம் இவ தாங்க மாட்டாய்யா!" பிச்சை அழகியின் பக்கம் திரும்பினான். "ஆத்தா, நீயாச்சும் சொல்லேன்."

அழகி வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால் இவள் செத்துப்போவாள். பிள்ளைகளின் முகம் கண்முன் வந்து பயமுறுத்தியது.

"எந்திரிடி!" என்று கத்திக்கொண்டே இருளாயியின் போர்வையை இழுத்து எறிந்தாள். இருளாயி துள்ளி இறங்கினாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். சத்தம் கேட்டு, முன்னறையில் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஓடிவந்தார். காரியஸ்தர் விலகி வழிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் ரத்தம் நின்றது. கண்ணாத்தாள் கண் விழித்தாள்.

முத்துராமன் அழகியைக் கூப்பிட்டார். "வார்ட மூட வேணாம்னு மொதலாளிக்கிட்ட சொல்றேன். ஆனா, ஏமாத்துன ஒன்ன வச்சிருக்க முடியாது."

அழகிக்கு நாளைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"எம்மேல தப்புத்தான், போறேங்க. எனக்குப் பதிலா வாரவளையாச்சும் இப்புடிப் பயமுறுத்தி வைக்காதீங்கய்யா. கட்டிலு காலியாக் கெடக்குறது வீணில்லீங்க, ஆபத்துல வாரவுகளுக்காக அது கெடக்கணும். வேலை போயிருமேன்னு பயந்து கெடக்குறவ கட்டிலத்தான் எண்ணுவா, நோயாளியப் பாக்க மாட்டா."