மிதித்த பாத்தி

விடிவெள்ளி மங்கும் முன்பே உப்புப் பாத்தியில் இறங்கியிருந்தோம். முப்பது பேர். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒரே வரிசை. குழைந்த களிமண்ணை இடம்விடாமல் மிதிக்க வேண்டும். பத்து நாள் மிதித்தால்தான் தரை இறுகும். இறுகினால்தான் உப்புநீர் நிற்கும். குதிகால் வெடிப்புகளில் உப்பு ஏறிக் காந்தியது. சாயல்குடிப் பக்கத்து உப்பளங்களில் தை மாதம் இப்படித்தான் தொடங்கும்.

ராக்கு அக்காவுக்கும் இருளாண்டிக்கும் நடுவில் என் இடம். போன வருஷம் என் மனைவி முத்தழகு நின்ற இடம் அது.

அப்போது நான் சென்னையில் இருந்தேன். மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, எங்கள் எம்.எல்.ஏ. கூத்தையாவிடம் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையில் இருந்தேன்.

கூத்தையா இதே பாத்தியை மிதித்தவர். நாற்பத்தெட்டாம் வருஷத்து உப்பள வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போனவர். ஐம்பத்திரண்டில் சுயேச்சையாக நின்று, செருப்பில்லாமல் ஊர் ஊராக நடந்தார். உப்பு தின்ற அந்தக் கால்களைப் பார்த்தே சனம் ஓட்டுப் போட்டது. உப்பளக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வருமா என்பதுதான் சட்டசபையில் அவர் கேட்ட முதல் கேள்வி. பரிசீலனையில் உள்ளது என்றார்கள்.

ஐம்பத்தேழில் ஆளுங்கட்சிக்குப் போய் மறுபடி ஜெயித்தார். பிறகு கேள்வி கேட்கவில்லை. சாலையோரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு அடிக்கல் நட்டார். கட்டடம் எங்கே என்று ஊரிலிருந்து வந்த கடிதங்களுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் போகும். கையெழுத்து அவருடையது. எழுதியது நான்.

முத்தழகுவின் பாதத்தைச் சிப்பி கிழித்தது. எட்டாம் நாள் இசிவு கண்டு தாடை இறுகிவிட்டது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோன மாட்டுவண்டி அந்த அடிக்கல்லைத் தாண்டித்தான் போனது. பாதி வழியில் திரும்பியது. தந்தி கிடைத்து நான் வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அதன்பின் நான் சென்னைக்குத் திரும்பவில்லை.

வெயில் ஏறும்போது ஜீப் வந்தது. கூத்தையாவும் அவர் மைத்துனர் வேல்சாமியும் இறங்கினார்கள்.

வேல்சாமி ஒரு காகிதத்தை விரித்தார். "இது புறம்போக்கு. குத்தகை இப்ப எங்க கம்பெனி பேருக்கு வந்திருச்சு. நாளையோட பாத்திய விட்டுருங்க. கூலிக்கு வாரவுக பேரைக் குடுங்க."

"உடைமுள்ளுக் காட்ட வெட்டி அளமாக்குனது நாங்க. எங்க பாத்தியில எங்களுக்கே கூலியா?" என்றார் இருளாண்டி.

கூத்தையா சிரித்துக்கொண்டே வரப்பிலிருந்து பாத்திக்குள் இறங்கினார். "நானும் மிதிச்ச மண்ணுதானய்யா. உங்களுக்குக் கெடுதல் செய்வேனா?"

பூட்ஸ் பதிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

வரிசை நின்றுவிட்டது. எங்கள் அளத்தில் விளையாட்டுப் பிள்ளைகூடச் செருப்போடு பாத்தியில் இறங்காது. ஒரு குதிகால் பள்ளம் போதும். நீர் கசிந்து உப்பு சேறாகும். அவருக்கு அது நினைவே இல்லை.

"ஏலே கூத்தையா, வெளிய ஏறு" என்றார் ராக்கு அக்கா.

வேல்சாமி பாய்ந்தார். "எமெல்லேவப் பாத்து ஏலேங்கிற?"

"ஓட்டுக் கேட்டு எங்கால்ல விழுந்தப்ப அக்கான்னான். அன்னைக்கு நீ எங்கன இருந்த?"

கூத்தையா குனிந்து தன் தடத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பினார். "மருது, நீ படிச்சவன். இவுகளுக்கு எடுத்துச் சொல்லு. அந்த ஆஸ்பத்திரி விஷயங்கூட..."

"பரிசீலனையில் உள்ளது" என்றேன்.

அவர் வரப்பேறினார்.

"நாளைக்குப் போலீசோட வாரோம்" என்றார் வேல்சாமி.

"வாங்க. வெறுங்காலோட வாங்க" என்றார் ராக்கு அக்கா.

ஜீப் போனதும் பக்கத்து அளத்துக்காரர்கள் வரப்பில் கூடினார்கள். அவர்கள் நிலமும் அதே காகிதத்தில் இருந்தது. போன வருஷத்து உப்பு ஏற்ற வண்டியோடு வந்த பாக்கர் செருப்பைக் கழற்றி வைத்தார். "கம்பெனி உப்பு என் வண்டியில ஏறாது. வரிசையில எனக்கும் எடம் விடுங்கப்பா."

"வார எலெக்சன்ல நம்ம மருதுவ நிறுத்துவமா?" என்றார் இருளாண்டி.

"ஒருத்தன அனுப்பி வச்சுப் பட்டது போதும்ப்பா" என்றார் ராக்கு அக்கா. "நாளைக்கு எல்லாரும் இங்கனயே நிப்போம்."

அறுபது பேருக்கு மேல் ஆனது வரிசை. என் இரு தோளிலும் கைகள் விழுந்தன. நாளை என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது பூட்ஸ் தடம் முத்தழகுவின் இடத்துக்கு நேராகக் கிடந்தது. அதை நான் மிதித்தேன்.