இரண்டு முழமும் நாலு விரலும்

சுத்தியலை எந்தப் பக்கம் பிடித்து எந்தப் பக்கத்தால் அடிப்பது என்று முப்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஈப்போவில் வட்டிக்கு விடும் செட்டியார் கிட்டங்கியில், ஒரு சாண் உயரக் குட்டை மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் கணக்கு எழுதிய கை இது. ஜப்பான்காரன் வந்தான். கிட்டங்கியை மூடினார்கள். வயிற்றை மூட முடியவில்லை. மரவள்ளி நட்டாவது பிழைக்கலாம் என்று சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் வந்து ஒண்டிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை லோரி வரும். முதல் லோரியில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை, ஒரு கடுதாசிகூட வரவில்லை. பழைய துரை பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பான் ஆபீசர் ஏதோ கத்தினார். தோட்டத்து ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அப்பாவு, ஜப்பான் பாஷை கொஞ்சம் பழகியிருந்தவர், அதைத் தமிழில் சொன்னார்.

"தச்சு வேலை தெரிஞ்சவங்க முன்னால வாங்க! ஆபீசருக்கு ஒரு மேசை செய்யணும், வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள. மேசை புடிச்சிருந்தா இங்கேயே இருக்கலாம். புடிக்கலன்னா லோரிதான்."

என்னைக் கேட்காமலே என் கால் முன்னால் போய் நின்றது. பக்கத்தில் கட்டம் போட்ட கைலியும் தாடியுமாக இன்னொருவர் வந்து நின்றார். பெயர் முத்து முகம்மது, ஊர் தாப்பா, தொழில் தச்சு என்றார். எனக்கு உயிர் வந்தது. நிஜமான தச்சர் கிடைத்துவிட்டார், அவரைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். அவரும் என்னைப் பார்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சுக்கு அர்த்தம் எனக்கு வியாழக்கிழமைதான் புரிந்தது.

பட்டறையில் பழைய தச்சர் விட்டுப்போன பெட்டி இருந்தது. திறந்தோம். ரம்பம், சுத்தியல், இழைப்புளி, உளி, குறடு எல்லாம் இருந்தன. அளவுகோல் இல்லை. எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் குட்டு உடைந்துவிடுமோ என்று விழுங்கிவிட்டேன். அவரும் எதையோ விழுங்கினார்.

"நீங்க ஆரம்பிங்க பாய்."

"சேச்சே, நீங்க மூத்தவரு. நீங்க ஆரம்பிங்கண்ணே."

இந்த மரியாதையிலேயே திங்கட்கிழமை பாதி போய்விட்டது. கடைசியில் நான்தான் ஒரு பலகையை எடுத்து, எழுதுகிறவன் பழக்கத்தில் மூலையில் பென்சிலால் பிள்ளையார் சுழி போட்டு, ரம்பத்தை வைத்து இழுத்தேன். நன்றாகத்தான் அறுந்தது. பலகை இரண்டாக விழுந்த கையோடு, அதன் கீழே இருந்த பட்டறை மேசையின் ஓரமும் விழுந்தது.

"அடேயப்பா, ஒரே இழுப்புல ரெண்டா?" என்றார் முத்து முகம்மது, நிஜமான வியப்போடு.

பிறகு அவர் ஆணி அடித்தார். முதல் அடி கட்டை விரலில். சத்தமே இல்லாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டார். கண்ணில் மட்டும் தண்ணீர். ஆணிக்கு எச்சில் தொட்டு அடிப்பது தொழில் முறை போலிருக்கிறது என்று நானும் விரலை ஒருமுறை சப்பிக்கொண்டேன். இரண்டாவது ஆணி நேராக இறங்கியது. வெற்றியோடு எழுந்தார். கைலி எழவில்லை. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கைலியின் ஓரத்தையும் சேர்த்து அறைந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மரவள்ளிக் கிழங்குத் தட்டோடு வந்தாள் நல்லம்மாள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள். அவளுடைய புருஷன் ராமையாவின் பெயர் சயாம் பட்டியலில் இருந்தது. பாய் கைலியைக் கையில் பிடித்துக்கொண்டு, பலகையையும் பின்னால் இழுத்துக்கொண்டு கதவு மறைவுக்கு ஓடியதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, மேசைக்கு ரெண்டு ஆளு போதுமா? மூணாவதா ஒரு ஆளு வேணும்னு சொல்லக்கூடாதாலா?"

நாங்களே தொங்கிக்கொண்டிருந்தோம், எங்கள் மேல் இன்னொரு ஆளை எங்கே தொங்கவிடுவது? கிழங்கைத் தின்னவே கூச்சமாக இருந்தது.

செவ்வாயும் புதனும் இழைப்புளியோடு போயின. அதைப் பின்பக்கமாக இழுத்தால் ஒன்றும் நடக்காது என்பதை ஒன்றரை நாளில் கண்டுபிடித்தோம். பாய் அதைத் துணிக்கு இஸ்திரி போடுவதுபோல் அமுக்கித் தேய்த்தார், மூலை மடிப்பெல்லாம் எடுத்தார். நானும் அப்படியே தேய்த்தேன். பலகை வழுவழுப்பாகவில்லை, சூடு மட்டும் ஏறியது.

வியாழக்கிழமை காலையில் ஆளுக்கு இரண்டு கால் செய்தோம். நான் என் கையால் இரண்டு முழம் அளந்து வெட்டினேன். அவர் தன் கையால் இரண்டு முழம் அளந்தார், அதற்குப் பிறகு நாலு விரல் வைத்து அதையும் சேர்த்து வெட்டினார். தச்சர்களுக்குள் ஏதோ ரகசியக் கணக்கு என்று நினைத்தேன். நாலையும் அடித்து மேசையை நிமிர்த்தினோம். அதன் மேல் வைத்த கிழங்கு ஒன்று உருண்டு கீழே விழுந்து, தானே வாசல் வரை போனது.

நீளமான கால்களை வெட்டினோம். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. மற்ற இரண்டை வெட்டினோம். இப்போது ஒன்று மட்டும் ஆடியது. அதை வெட்டினோம், மூன்று ஆடின. ரம்பம் ஓய்ந்தபோது மணி மூன்றரை. மேசை ஆடவில்லை. ஆடுவதற்கு அதில் உயரமே மிச்சம் இல்லை. தரையிலிருந்து சரியாக ஒரு சாண்.

"என்ன பாய் இது?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "தச்சன்னு சொன்னீங்க!"

"நானா? உங்களைப் பாத்துத்தானேலா நான் செஞ்சேன்!"

"உங்களைப் பாத்துத்தான் நான் செஞ்சேன்!"

ஒருவரை ஒருவர் வெறித்துப் பார்த்தோம். பாய் மெதுவாகக் கேட்டார். "பலகைக்குப் பிள்ளையார் சுழி போடுற தச்சனை நான் எங்கேயும் பாத்ததில்ல. நீங்க கிட்டங்கிச் செட்டியாரா?"

"முத்தப்பன். ஈப்போ கிட்டங்கிக் கணக்கு. அளந்துட்டு நாலு விரல் கூட விடுறீங்களே, நீங்க?"

"ஜவுளிக் கடை. நாலு விரல் துணி சும்மா குடுத்தாத்தானே கூட்டம் மறுபடி வரும்!"

சிரிப்பு வந்தது. வரக்கூடாத சிரிப்பு, பயத்தின் அடியிலிருந்து கிளம்பிய சிரிப்பு. மரத்தூளில் விழுந்து புரண்டோம். நிறுத்தப் பார்த்தால், அந்த மேசை எதிரில் பன்றிக்குட்டிபோல் நின்றது, மறுபடி சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது எனக்கு முன்னால் அந்த உயரத்தில் ஒரு மேசை. பன்னிரண்டு வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் சம்மணம் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஆபீசர் உள்ளே வந்தார். பின்னால் கிராணி அப்பாவு, முகம் வெளுத்து. பாய் இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்தார். நான் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தேன். ஆபீசர் மேசையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எனக்கு எதிரில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசை மேல் பரப்பினார்.

"பாகுஸ்," என்றார் மலாயில். நல்லது என்று. "பாகுஸ்! பாகுஸ்!" பிறகு அவர் பாஷையில் மடமடவென்று கொட்டினார்.

"அவங்க வீட்டு மேசை இதே மாதிரியாம்," என்றார் அப்பாவு, நம்ப முடியாமல். "வந்ததுலேருந்து நாற்காலியில உக்காந்து காலு மரத்துப்போச்சாம். சொல்லாமலே எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறாரு. தாப்பா, பீடோர் ஆபீசருங்களுக்கும் சேத்து இருவது வேணுமாம். ரெண்டு வாரத்துல."

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் நிமிர்ந்தார். இப்போது அங்கே நின்றது தச்சர் இல்லை, தாப்பா ஜவுளிக்காரர்.

"ரெண்டு பேரால முடியாது கிராணியாரே. இதெல்லாம் நுணுக்கமான வேலை. இன்னும் பத்து தச்சன் வேணும்னு சொல்லுங்க."

"தச்சனுக்கு நான் எங்கேய்யா போவேன்?"

"நாளைக்கு லோரியில ஏத்தப் போறீங்களே, அதுல இருக்காங்க."

அப்பாவு எங்களைப் பார்த்தார். மேசையின் குட்டையான கால்களை, மரத்தூள் அப்பிய எங்கள் முகங்களை, பாயின் விரல் வீக்கத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திரும்பி ஆபீசரிடம் சொன்னார். பாய் பத்து கேட்டார், ஆபீசர் மூன்று என்றார், பாய் மேசையைத் தடவிக் காட்டினார், கடைசியில் ஆறில் நின்றது.

வெள்ளிக்கிழமை லோரி முப்பத்தொரு பேரோடு போனது. விடாமல் பேசியிருந்தால் இன்னும் நாலு பேரை இறக்கியிருக்கலாமோ என்று இன்றுவரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

லோரிப் புழுதி அடங்கிய பிறகு ஆறு பேரும் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் ராமையா. அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நல்லம்மாள். அவன் சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"அண்ணே, பொய் சொல்லக்கூடாது. எனக்குத் தச்சு வேலை சுத்தமாத் தெரியாது."

பாய் அவன் தோளில் கை போட்டு உள்ளே இழுத்தார். "தெரிஞ்சவன் வந்தாத்தான்லா கஷ்டம். உள்ள வா. முதல்ல ரெண்டு முழம் அள, அப்புறம் நாலு விரல் கூட விடு. மிச்சத்தை ரம்பம் பாத்துக்கும்."