இருநூற்று ஏழாம் வரி

1

ஆறு மணிக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். பால் சுட வைக்கிறேன், ஒரு டம்ளர். அவளுடைய பழைய லேப்டாப்பைத் திறந்து, இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். மூடுகிறேன். குளிக்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்தது ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதும் ஒரு ஸ்கிரிப்ட் மொழியின் பழைய பதிப்பைப் புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொண்டுபோவது எப்படி. இரண்டாவது பத்தியிலேயே என் மனைவி வந்துவிட்டாள். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அதனால் மேலே 'கதை' என்று எழுதிக்கொண்டேன்.

2

(கைவிட்ட தொடக்கம்: "நிலா வெளிச்சத்தில் அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல்—" அவள் டியூப்லைட்டில்தான் எழுதினாள். காலை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் வறுத்த கடலையோடு.)

அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பல இடங்களிலிருந்து பாட்டிலில் தண்ணீர் வரும். எந்த பாட்டிலுக்கு எந்த முடிவு என்று இணைத்து அறிக்கை அச்சிட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. இன்றும் அங்கே ஓடுகிறது. ஒரு மாதத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் மாறப்போவதாகப் போன் வந்தது. அவள் எழுதிய மொழியின் பழைய பதிப்பு புது சிஸ்டத்தில் கிடையாது; புதுப் பதிப்பில் அவள் வரிகள் அப்படியே ஓடாது.

"அதுக்குள்ள ஓடலேன்னா வெளியில சாப்ட்வேர் வாங்கிடுவோம் தம்பி" என்றார் கூடத்தின் தலைவர். "அவ எழுதினதை எடுத்துட வேண்டியிருக்கும். தப்பா நினைச்சுக்காதீங்க."

3

என் மச்சினனும் புரோகிராமர்தான். (அவன் இந்தக் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். நான் மட்டும் இருந்தால் யாரும் பேசமாட்டார்கள்.)

"மாமா, அக்கா எழுதினதைப் புதுப் பதிப்புக்கு மாத்தி எழுதினா அரை நாள் வேலை."

"வரியெல்லாம் மாறிடும்."

"மாறட்டுமே."

"அப்புறம் அது அவ எழுதினதா இருக்காது."

"அதுக்காக ஒரு மொழியையே பேர்த்துட்டுப் போவீங்களா? சுவத்துல மாட்டின படத்துக்காக வீட்டையே லாரியில ஏத்தற மாதிரி இருக்கு."

"லாரி சொல்லியாச்சு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எங்க மாட்டிக்கிட்டு நிக்குது, காட்டுங்க."

4

மூன்று வாரம். மொழியின் மூல நிரலில் நாற்பத்தொரு இடம் மாற்றினோம். அவளுடையதில் ஒன்றுகூட இல்லை.* வியாழக்கிழமை ஓடியது. அறிக்கை அச்சாகி வந்தது. பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீருக்குச் சாக்கடையோரக் கிணற்றின் முடிவு.

எங்கள் மாற்றத்தில்தான் தவறு என்று ஒரு நாள் முழுக்கத் தேடினோம். இல்லை. மொழி சரி. 207ஆம் வரியில் அவள் ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளின் பட்டியலைக் கேட்கிறாள், ஒரு பாட்டிலின் முடிவுக்கு ஒரு கோப்பு. அவை எண் வரிசையில்தான் வரும் என்று நம்பியிருக்கிறாள். பழைய சிஸ்டம் தற்செயலாக அப்படித் தந்துவந்தது. புதியது தரவில்லை. தருவதாக யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை.

"அக்கா தப்பு பண்ணியிருக்கா." மெதுவாகத்தான் சொன்னான். "அந்த வரியில வரிசைப்படுத்தச் சொல்லி ஒரே ஒரு வார்த்தை மாமா. போதும்."

"மொழியிலேயே மாத்திடலாம். யார் பட்டியல் கேட்டாலும் வரிசையாக் கொடுக்கிற மாதிரி."

"அப்ப அவ தப்பே பண்ணலைன்னு ஆயிடும்."

"ஆமா."

"நாளைக்கு வேற எவனாவது இதை நம்பி எழுதுவான். அவனும் மாட்டுவான்."

நான் அந்தத் தப்பு அறிக்கையை நாலாக மடித்து லேப்டாப்புக்கு அடியில் வைத்தேன்.

* ஓர் இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது. அதையும் தொடவில்லை.

5

முடிவுகள். ஒன்று, அவள் வரியை மாற்றுகிறேன். இரண்டு, மொழியை மாற்றுகிறேன். மூன்று, இரண்டையும் செய்யாமல்— (இதை எழுத முடியவில்லை.)

இன்று ஞாயிறு. நாளைக் காலை கம்ப்யூட்டர்கள் மாறுகின்றன. 207ஆம் வரி எதிரே திறந்திருக்கிறது. எது சரி என்று எனக்குப் புரியவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

முடிப்பதற்கு ஒரு தகவல் மட்டும் தருகிறேன். முந்தைய வரைவுகளில் அவள் கடைசியாகச் சொன்னது என்று மூன்று வாக்கியங்கள் எழுதியிருந்தேன். ஒன்றில், "நான் எழுதினதைப் பத்திரமாப் பாத்துக்கோ" என்றாள். மூன்றும் என் வாக்கியங்கள். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே என்னைப் பார்த்து அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"சட்டைக் காலர் உள்ள மடங்கியிருக்கு பாரு. எடுத்து விட்டுக்கோ."