பன்னிரண்டு சைக்கிள்கள்

“அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. பறவையைக் கண்டா பின்னாடியே போயிடுவார். கொஞ்சம் பார்த்துக்கோங்கோ” என்று மயிலாப்பூர் குளக்கரையில் மாளவிகா சொன்னாள்.

“என்னை எல்.கே.ஜி.யில சேர்க்க வந்திருக்கா, சார்!” என்று சிரித்தார் ராகவேந்திரன். வயது அறுபத்தெட்டு.

“நான் இருக்கேன் மேடம், நீங்க கிளம்புங்க” என்றான் ராம்குமார். ஞாயிறுதோறும் சென்னையைச் சைக்கிளில் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். நிற்கும் இடத்திலெல்லாம் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தச் சொல்லி எண்ணிவிடுவான். ஆட்களை எண்ணினால் அங்குமிங்கும் நகர்ந்து குழப்புவார்கள், சைக்கிள் நகராது.

சாந்தோம் தேவாலயத்தில் பன்னிரண்டு. அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்தருகிலும் பன்னிரண்டு. நிம்மதியாக இருபது நிமிடம் பாலத்தின் கதையைச் சொன்னான். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்கள்.

ஒரு சைக்கிள் மட்டும் அப்படியே நின்றது. கீழே சேற்றில் ஒருவருடைய காலடித் தடங்கள் நாரைக் கூட்டத்தை நோக்கிப் போய், தண்ணீரில் முடிந்திருந்தன.

“இன்னா நைனா, அங்கயா எறங்க வுட்ட? ஆளையே இஸ்துக்கினு பூடுமே!” என்று கத்திக்கொண்டே ஒரு மீனவர் படகைத் தள்ளினார். அரை மணி நேரத்தில் ராகவேந்திரனின் உடலோடு திரும்பினார்.

தனியாக நின்ற அந்தச் சைக்கிளில் தொங்கிய பையில் போன் அடித்தது. ராம்குமார் எடுத்தான்.

“அப்பா ஏன் எடுக்கலை? பக்கத்துல இருக்காரோல்லியோ?” என்றாள் மாளவிகா.

“சைக்கிள் இருக்கு மேடம்” என்றான்.