ஒன்பது கிலோ

"மாமா கீழ குதிச்சா அந்த விசிறி வெட்டிடாதாப்பா?"

சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த படத்தைப் பார்த்து எட்டு வயது மகள் கேட்டாள். அப்பா வரைந்துகொண்டிருந்தது ஒரு சண்டை விமானம். மூக்கில் துப்பாக்கிகளுக்கு இடம் வேண்டும், விமானிக்கு முன்பக்கம் மறைக்கக் கூடாது என்று இயந்திரத்தை இருக்கைக்குப் பின்னால் தள்ளி, அதற்கும் பின்னால் சுழல்விசிறியை வைத்திருந்தார்கள். அதை முதலில் ஓட்டிப் பார்க்கப் போகிறவன் அவளுடைய தாய்மாமன்.

அவன் சோற்றுக் கையோடு சிரித்தான். "உங்கம்மாவை அவருக்குக் கட்டிக்கொடுத்தோம்ல, அந்தக் கோபம் அத்தானுக்கு இன்னும் தீரல கண்ணு."

அப்பா சிரிக்கவில்லை. தனக்குத் தோன்றாத இந்தக் கேள்வியைக் குழந்தைக்காவது தோன்றவைத்த கடவுளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

விடை கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. விசிறியை அச்சோடு பிணைக்கும் ஆணிகளுக்குள் கொஞ்சம் வெடிமருந்து வைத்தால் போதும். குதிப்பதற்கு முன் விமானி ஒரு கைப்பிடியை இழுப்பான்; விசிறி கழன்று பின்னால் போய்விடும். ஆனால் அந்த ஏற்பாட்டின் எடை ஒன்பது கிலோ. வரைபடக் கூடத்துக் கரும்பலகையில் ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். மொத்தத்தில் ஒரு கிலோ கூடினாலும் தலைமைப் பொறியாளர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்தக் கூடத்தில் அவரவர் வரையும் பாகம்தான் அவரவர் பெயர். இறக்கைக்காரரான அப்பா, தன்னிடம் மிச்சமில்லை என்று சொல்லி, மேசை மேசையாகப் போய் அந்த ஒன்பது கிலோவைக் கேட்டார். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியாகச் சக்கரக்காரரிடம் போனார். அழிரப்பரைக்கூட இரவல் தராதவர் என்று பெயரெடுத்த மனிதர்.

"யாரு ஓட்டப் போறது?"

"என் மச்சினன்தான் சார்."

"யாரா இருந்தா என்ன, ஒருத்தி பெத்த பிள்ளைதானே. முன்சக்கரக் காலுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வச்சிருந்தேன். எடுத்துக்குங்க. ரப்பர் மட்டும் கேட்டுடாதீங்க."

இரண்டு மாதம் கழித்து, உயரத்திலிருந்து போட்டுப் பார்த்த சோதனையில் அதே முன்சக்கரத்தின் கால் விரிசல் விட்டது. இன்னும் கனமான குழாய் வேண்டும். தலைமைப் பொறியாளர் சக்கரக்காரரின் மேசைக்கே வந்தார்.

"அந்த வெடி ஆணியை எடுத்துடலாம். உங்க ஒன்பது கிலோ உங்களுக்கே வந்துடும்."

"குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் இல்லீங்க. என் பக்கத்துலயே தேடிப் பாக்கறேன்."

"திங்கக்கிழமை காலையில பலகையைப் பார்ப்பேன். கணக்கு சரியா வரலைன்னா ஆணி போகும்."

அடுத்த மேசையிலிருந்த இறக்கைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். சக்கரத்தில் தேட என்ன இருக்கிறது? இரும்பும் ரப்பரும்தான். தன்னிடம் மிச்சமில்லை என்று அன்று அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் ஊரெல்லாம் கேட்கப் போன அவசரத்தில் தன் பையை முழுதாகத் துழாவவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் சாப்பாட்டு மேசையை விட்டு எழவில்லை. இறக்கைக்குள் விலா எலும்புகள்போல் தகடுகள் நிற்கும். நுனிப்பக்கம் இருக்கும் இருபத்தெட்டுத் தகடுகளுக்குச் சுமை குறைவு. ஒவ்வொன்றிலும் வட்ட ஓட்டைகள் போட்டால் தகட்டுக்கு முந்நூற்று முப்பது கிராம் குறையும். வலிமைக் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

"இத்தனை ஓட்டை போட்டா உடைஞ்சிடாதாப்பா?"

"ஓட்டையோட விளிம்பை மடிச்சு விட்டுடுவோம் கண்ணு. அப்போ முன்னைவிட விறைப்பா நிக்கும்."

"மாமாவுக்காகவா?"

"மாமாவுக்கும்தான்."

திங்கட்கிழமை கதவு திறந்ததும் முதலில் நுழைந்தவர் அவர்தான். புதிய படங்களைத் தலைமைப் பொறியாளரின் பெட்டியில் வைத்தார். பலகையில் இறக்கைக்கு எதிரே ஒன்பதைக் குறைத்தார். சக்கரத்துக்கு எதிரே ஒன்பதைக் கூட்டினார்.

திரும்பும்போது சக்கரக்காரரின் மேசை கண்ணில் பட்டது. எழுதி அழித்து, எழுதி அழித்துத் தாளே கிழிந்திருந்தது. ரப்பர் நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தது. மேசையெல்லாம் துகள். அதைக் கைக்குட்டையால் துடைத்தார். தன் ரப்பரை இரண்டாக வெட்டி, பெரிய பாதியை அங்கே வைத்தார்.

பிறகு விரலில் இருந்த சுண்ணக்கட்டிப் பொடியைத் தட்டிவிட்டு, கீழே இறங்கிப் போய், மணி அடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டாம் முறை உள்ளே வந்தார்.