மரவள்ளிக் காட்டில் அணிவகுத்த எழுவர்

மாசித் திங்களின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை, கற்றறிந்த அன்பரே, திருச்செங்கோட்டுச் செம்மலையின் உச்சியில் ஏறி நின்ற இளவெயில், அதன் சரிவுகளில் வழிந்திறங்கி, சங்ககிரிக் கோட்டையை ஒருபுறமும் காவிரிக்கரைத் தென்னந்தோப்புகளை மறுபுறமும் தொட்டுவிட்டு, இடையே விரிந்து கிடந்த மேட்டுநிலமெங்கும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து அறுவடைக்குக் காத்திருந்த மரவள்ளிக் காடுகளும், கோழிப்பண்ணைகளின் நீண்ட கூரைகளும், விசைத்தறிகள் ஓயாது இரையும் சிற்றூர்களும், ஊர் ஊராய் நீர்தேடிப் புறப்படும் ஆழ்துளை வண்டிகள் புழுதி கிளப்பும் சாலைகளும் அவ்வெயிலில் நனைந்து விழித்தன. உழைப்பையன்றி வேறெதையும் பெருமையாக எண்ணாத அந்நிலத்தில், சும்மா இருப்பவனைக் கண்டால் ஊர் சிரிக்கும். சும்மா இருக்க இயலாதவனைக் கண்டாலோ சுறுசுறுப்பானவன் என்று புகழும். மாதேஸ்வரனையும் அது அவ்வாறே புகழ்ந்து வந்தது.

இருபத்தாறு ஆண்டுகள் படையில் பணியாற்றிச் சுபேதாராக ஊர் திரும்பிய அவருக்கு அகவை ஐம்பதைக் கடந்திருந்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் என்று உறவினர் நகைப்பர். விடியுமுன் எழுந்து வேலியைச் சுற்றுவார். சுற்றி முடித்ததும் மறுபடியும் சுற்றுவார். உண்ணும்போதும் நின்றபடியே உண்பார். திருமண வீட்டில் பந்தியில் அமரச் சொன்னால் பரிமாறும் வாளியைக் கையில் எடுத்துக்கொள்வார். அமர்ந்தால் செவி திறந்துகொள்ளும் என்பதும், திறந்த செவியில் எப்போதோ ஓய்ந்த ஒரு குரல் வந்து விழும் என்பதும் அவர் ஒருவருக்கே தெரியும். அதை அவர் மனைவிக்கும் சொன்னதில்லை, மருத்துவருக்கும் சொன்னதில்லை.

போர்முனையில் பட்ட உடற்புண் ஆறிய பிறகும் உள்ளத்தில் ஆறாத வடுவோடு ஊர் திரும்பியவர்கள் அச்சுற்றுவட்டாரத்தில் எண்மர் இருந்தனர். நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் காலையில், மூடிக்கிடந்த ஒரு ஜவ்வரிசி ஆலையின் காய்களத்தில் அவர்கள் கூடி வந்தார்கள். வட்டமாய் அமர்ந்து முகம் பார்த்துப் பேசுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல அறிவுரைதான், ஆனால் வாயிலுக்கு முதுகு காட்டி அமர எண்மருள் ஒருவரும் இசையவில்லை. எனவே அனைவரும் சுவரில் முதுகு சாய்த்து, வாயிலை நோக்கியபடி ஒரே வரிசையாக அமர்ந்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாத அவ்வமைப்பே அவர்களுக்கு நாவைக் கொடுத்தது. கோயில் வேட்டுக்கு அஞ்சிக் குளியலறையில் ஒளிந்ததையும், உறங்கும் மனைவியின் கழுத்தை எதிரியின் கழுத்தென்று பற்றியதையும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள், அழுதார்கள், பிறகு தேநீர் குடித்தார்கள்.

மாதேஸ்வரன் மட்டும் வரிசையில் அமர்வதில்லை. முன்னே உலாவியபடி, இவர் எப்படி உறங்கினார், அவர் மருந்துண்டாரா என்று வினவிக்கொண்டிருப்பார். அவர் முற்றும் தேறியவர், பிறருக்கு வழிகாட்டவே வருகிறார் என்று மற்றவர்கள் நம்பினர். அவரும் அதை மறுக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்கோ நன்றாகவே தெரிந்திருந்தது, திருப்பிக் காட்டத்தான் மனம் வரவில்லை.

அன்று அப்புசாமி வரவில்லை. அவர்களுள் இளையவன் அவன், நாற்பதை எட்டாதவன், எல்லைப்புற மலையில் தோழர் மூவரை ஒரே நாளில் இழந்து வந்து, மூன்று காணி மரவள்ளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன். அவன் மனைவி சௌந்திரம் மாதேஸ்வரனைக் கைப்பேசியில் அழைத்தாள். அடுத்த காட்டில் காலையிலேயே ஆழ்துளை வண்டி பாறையை இடிக்கத் தொடங்கிவிட்டதாம். முதல் இடியிலேயே தேநீர்க் குவளையை எறிந்துவிட்டு, அரிவாளும் கையுமாய் மரவள்ளிக்குள் பாய்ந்துவிட்டானாம். பின்னால் ஓடிய அவளையும் தலையைத் தூக்காதே என்று மண்ணோடு அழுத்திவிட்டு உள்ளே ஊர்ந்து மறைந்துவிட்டானாம். வண்டிக்காரர்களிடம் மன்றாடி ஓசையை நிறுத்தப் போகிறேன், நீங்கள் உடனே வாருங்கள் என்றாள். எழுவரும், தம்முள் ஒருவரான சின்னராஜின் சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு பறந்தனர்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இடியோசை நின்றிருந்தது. காற்றிலாடும் இலைகளின் சலசலப்பைத் தவிர அக்காட்டில் வேறு அரவமில்லை. சௌந்திரம் இன்னும் திரும்பவில்லை. இவ்விடத்தில், அன்பரே, உழவர் எழுவர் வந்திருந்தால் வரப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பர்; வணிகர் எழுவர் வந்திருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லி வெயிலில் காய்ந்திருப்பர். வந்தவர்களோ படைவீரர். மறைந்திருப்பவனைத் தேடுவதற்கு அவர்கள் பயின்ற வழி ஒன்றே. மாதேஸ்வரன் கையை உயர்த்திக் காட்டினார். மற்ற அறுவரும் ஐந்தைந்து தப்படி இடைவெளியில் காட்டின் மேற்கு ஓரம் முழுதும் பரவி நின்றனர். வரப்போரமாய் வரிசையின் முனையில் நின்று அவர் தம் ஊதலை எடுத்து ஊதியதும் ஒரே சீராகத் தண்டுகளை விலக்கிக்கொண்டு கிழக்கு நோக்கி அடிவைத்தனர். பல்லாண்டுகளாகப் பயனின்றிக் கிடந்த திறமை ஒன்று மீண்டும் வேலைக்கு வந்ததில், சொல்லக் கூசினாலும் சொல்கிறேன், மாதேஸ்வரனின் நெஞ்சில் ஓர் உவகைகூட எழுந்தது.

முன்னே, எங்கோ, இலைகள் அசைந்தன. அவன்தான். வரிசை விரைந்தது, அசைவும் விரைந்து விலகியது. இருமுறை ஊதல் ஒலித்தது. இருமுறையும் அவன் மேலும் கிழக்கே ஒதுங்கினான். அவ்வேளையில் வரப்பின் மீது மூச்சிரைக்க ஓடிவந்த சௌந்திரம், மாதேஸ்வரனின் எதிரே வந்து நின்றாள். அவள் கூவவில்லை, கூவினால் அவன் இன்னும் ஓடுவான் என்று அறிந்த தணிந்த குரலில் பேசினாள்.

“ஏனுங்க, என்ன காரியமுங்க பண்றீங்க? கெழக்கால கெணறு இருக்குது. அறுபதடி ஆழம், சுத்துச்சுவரு கெடையாது. செடி மூடிக் கெடக்குது. நீங்க அவர அதுக்குள்ள முடுக்கிக்கிட்டு இருக்கறீங்க.”

மாதேஸ்வரன் ஊதலை வாயிலிருந்து எடுத்தார். தோழனைத் தேடி வந்த எழுவரும், அத்தோழனின் கண்ணுக்கு, ஊதல் ஊதிச் சுற்றி வளைக்கும் பகைவராக அன்றோ தோன்றியிருப்பர்! எந்த வரிசையின் அடியோசை கனவில் கேட்டு அவன் அலறி எழுவானோ, அதையே பட்டப்பகலில், அன்பின் பெயரால், அவன் காட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதைக் கொண்டுவந்தவர் தாம் என்பதை எண்ணி அவர் வெட்கினார். கையைத் தாழ்த்தி வரிசையை நிறுத்தினார். நின்ற இடத்திலேயே அமருங்கள், ஒருவரும் அசையவேண்டாம் என்று ஒருவர் வழி ஒருவராகச் சொல்லி அனுப்பினார். ஊதலைச் சௌந்திரத்திடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தனியே உள்ளே புகுந்தார்.

இருபது தப்படி சென்றதும் திசை மறந்துபோயிற்று. எப்பக்கமும் ஒரே பச்சை, ஒரே தண்டு. இனி எதைச் சொல்லி அவனை அழைப்பது? ஞாயிறுதோறும் வழங்கிய ஆறுதல் மொழிகள் எல்லாம் நாவில் வந்து நின்றன; ஒன்றும் உதவாது என்று அவருக்கே தெரிந்தது. பேசுபவன் தன்னைப்போல் ஒருவன் என்று அவன் அறிந்தாலன்றி அவன் நிற்கப்போவதில்லை. மாதேஸ்வரன் மண்ணில் முழந்தாளிட்டார். பதினான்கு ஆண்டுகளாக விழுங்கி வைத்திருந்ததை, இலைகளைப் பார்த்து, உரக்கவும் இல்லாமல் மெல்லவும் இல்லாமல் சொல்லத் தொடங்கினார்.

“அப்புசாமி, நான் மாதேஸ்வரன். தனியாத்தான் வந்திருக்கறேன். ஈஸ்வர்னு ஒரு பையன் எங்கூட இருந்தான். நாணலுக்குள்ள குண்டு பட்டு உழுந்து கெடந்தான். முப்பது தப்படிதான் இருக்கும். அண்ணா, தண்ணின்னு கூப்புட்டான். சுட்டுக்கிட்டே இருந்தாங்க, அதனால போக முடியலைன்னு எழுதிக் குடுத்தேன். எனக்குப் பதக்கமும் குடுத்தாங்க.”

எட்டிய தண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டார். பற்றியபடியே தொடர்ந்தார்.

“சுடறது நின்னுபோச்சு சாமி. நின்னதுக்கப்பறமும் அவன் கூப்புட்டான். நான் போகலை. கை காலு வரலை. அவன் ஓஞ்சதுக்கப்பறந்தான் எந்திரிச்சேன்.”

காடு அசைவற்றிருந்தது. அச்சொற்கள் வாயைவிட்டு வெளியேறியதும், இத்தனை ஆண்டும் அவரை ஓடவைத்துக்கொண்டிருந்த அக்குரல் ஓயும் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ, அது ஓயவில்லை. முன்னிலும் தெளிவாகக் கேட்டது. நாணலுக்குள்ளிருந்து கேட்கிறதா, மரவள்ளிக்குள்ளிருந்து கேட்கிறதா என்பதுகூட அவருக்கு மயங்கிற்று. இம்முறை போய்விட வேண்டும் என்ற வெறியில், கண்ணில் நீர் மறைக்க, கைகளை ஊன்றி, ஓசை வந்ததாகத் தோன்றிய திசையில் விரைந்து ஊர்ந்தார். இப்போது காக்க வந்தவர் யார், காக்கப்பட வேண்டியவர் யார் என்று மேலிருந்து பார்க்கும் கதிரவனாலும் சொல்லியிருக்க முடியாது.

“அங்கயே நில்லுங்க.”

இடப்பக்கத்திலிருந்து வந்தது அக்குரல். கரகரத்திருந்தது, ஆனால் தன் காட்டின் ஒவ்வொரு சாணையும் அறிந்த உழவனின் குரலாக இருந்தது.

“இன்னொரு கை முன்னால வெச்சீங்கன்னா கெணறுங்க சுபேதாரய்யா. அசையாதீங்க. நான் வாரேன்.”

மாதேஸ்வரன் உற்று நோக்கினார். அவருடைய வலக்கை ஊன்றவிருந்த இடத்தில் இலைகள் இருந்தன. இலைகளின் கீழே மண் இல்லை. நெடுந்தாழ்வில் கரிய நீர் வெயிலுக்கு மின்னியது. தண்டுகள் விலகின. கிணற்றின் விளிம்பை ஒட்டிப் பழகிய அடிகளோடு சுற்றி வந்த அப்புசாமி, அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு, அவருடைய மணிக்கட்டைப் பற்றிப் பின்னுக்கு இழுத்து, தன் தோளோடு சேர்த்துக்கொண்டான். அவன் உடல் மண்ணும் வேர்வையுமாய் இருந்தது, நடுங்கிக்கொண்டும் இருந்தது. பிறகு அவன், அந்தப் பையனுக்கு எந்த ஊர் என்று கேட்டான். ஆத்தூர்ப் பக்கம் என்றார் மாதேஸ்வரன். தாய் இருக்கிறாளா என்றான். இருக்கிறாள், பார்க்கப் போகத் துணிவு வந்ததில்லை என்றார். அப்புசாமி அவருடைய முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

“நானும் வாரனுங்க,” என்றான்.

வரப்பில் காத்து நின்ற சௌந்திரம், மண்பூசிய இருவர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வெளிப்படுவதைக் கண்டாள். யார் யாரை அழைத்துவருகிறார் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாய்விட்டு அழுதாள்.

அன்றோடு அவ்விருவரும் நலமடைந்தனர் என்று எழுத இக்கதைக்கு உரிமையில்லை. அடுத்த காட்டுக்காரருக்கும் நீர் வேண்டும். மறுநாள் ஆழ்துளை வண்டி மீண்டும் இரையும், அப்புசாமியின் உடல் மீண்டும் அதிரும். நாணலுக்குள் கிடந்தவனோ எந்நாளும் எழுந்து வரப்போவதில்லை. போர்கள் உடன்படிக்கையில் முடிகின்றன. போரிட்டவர்க்கு அவை முடிவதில்லை. ஆயினும் அவ்வார வியாழனன்று, ஆத்தூர் செல்லும் பேருந்தில், படைவீரர் இருவர் தோளொட்டி அமர்ந்திருந்தனர். ஒரு தாயின் வாசலில் நின்று எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. பேருந்து போய்க்கொண்டிருந்தது.